ஸ்டட் சுவரில் பெரிய டிவி மாட்டலாமா? கேள்வி பதில்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் செங்கல் இல்லை. வரிசையாக மரச்சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்து, பட்டி பார்த்து பெயின்ட் பூசியிருப்பார்கள். சட்டத்துக்கு ஸ்டட், பலகைக்கு ட்ரைவால் என்று பெயர். டொராண்டோ பக்கம் பல வருடங்களாக வீட்டு உள்வேலை செய்கிறேன். டிவி மாட்டுவது பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஊரில் ட்ரில் போட்டு, ராவல் பிளக் அடித்து டிவி மாட்டிவிடுவோம். இங்கேயும் நல்ல எடை தாங்கும் என்று அட்டையில் போட்ட பிளாஸ்டிக் ஆங்கர் விற்கிறார்கள். நாலைந்து போட்டால் 65 அங்குல டிவி நிற்காதா?

மாட்டிய அன்று நிற்கும், தம்பி. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். செங்கல்லில் பிளக் விரிந்து கல்லைக் கவ்வும். ட்ரைவால் வெறும் அரை அங்குலப் பருமன். நடுவில் ஜிப்சம், இரு பக்கமும் காகிதம், அதற்குப் பின்னால் காலி இடம். துளைபோட்ட ஓரத்தை நகத்தால் சுரண்டினாலே மாவு மாதிரி உதிரும்.

65 அங்குல டிவி சுமார் 20 முதல் 25 கிலோ இருக்கும். அது கீழே மட்டும் இழுப்பதில்லை, டிவியைச் சுவரில் தாங்கும் இரும்புத் தாங்கியான பிராக்கெட்டின் மேல் ஓரத்தைச் சுவரிலிருந்து பிடுங்கவும் பார்க்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து ஒருநாள் டிவியின் கீழ் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிராக்கெட்டின் போல்ட் மரத்துக்குள் இறங்க வேண்டும். வேறு வழி சொல்ல எனக்கு மனமில்லை.

கேள்வி: ஸ்டட் எங்கே இருக்கிறது என்று எப்படித் துல்லியமாகக் கண்டுபிடிப்பது? ஸ்டட்டைக் காட்டும் ஸ்டட் ஃபைண்டர் மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் கத்துகிறது.

இந்த வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூ பை ஃபோர், அதாவது இரண்டுக்கு நான்கு அங்குலம், என்று சொன்னாலும் அந்த ஸ்டட் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஒன்றரை அங்குல முகம்தான் உங்களைப் பார்த்து நிற்கிறது. அதன் நட்டநடுவில் போல்ட் இறங்கினால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம் இருக்கும். அரை அங்குலம் விலகினாலே ஓரத்துக்குப் போய்விடும்.

முதலில் ஒரு சின்ன, வலுவான காந்தத்தைச் சுவரில் தடவிப் பாருங்கள். ட்ரைவாலை ஸ்டட்டில் முடுக்கிய ஸ்க்ரூ தலையில் அது ஒட்டிக்கொள்ளும். அதே நேர்கோட்டில் மேலும் கீழும் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டினால் அங்கே ஸ்டட் ஓடுகிறது. அங்கிருந்து டேப் வைத்து 16 அங்குலம் அளந்து அடுத்ததைத் தேடுங்கள். சில சுவர்களில் 24 அங்குல இடைவெளி இருக்கும். ஜன்னல், கதவுப் பக்கத்தில் இந்தக் கணக்கு தப்பலாம்.

அப்புறம், பிராக்கெட் மறைக்கப்போகும் இடத்தில் ஒரு மெல்லிய ஆணியைத் தட்டிப் பாருங்கள். மரமென்றால் தடுக்கும், காலியென்றால் சட்டென்று உள்ளே போகும். கால் அங்குலம் கால் அங்குலமாக நகர்ந்து இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே பென்சில் கோடு போடுங்கள். எந்த மெஷினும் இதற்கு ஈடாகாது.

ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். டிவி மாட்டி இரண்டு வருடமாம், மேல்பக்கம் சுவரை விட்டு விரலளவு விலகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் நாலு போல்டில் இரண்டு ஸ்டட்டின் ஓரத்தை உரசிப் போயிருக்கின்றன. மரம் நீளவாக்கில் சிம்பு சிம்பாகப் பிளந்து கிடந்தது. அந்த டிவிக்கு நேர் கீழேதான் குழந்தையின் விளையாட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கேள்வி: என்ன அளவில் துளை போடுவது? நேராக போல்டையே இம்பாக்ட் டிரைவரால் ஏற்றிவிடலாமா?

வேண்டாம், மரம் பிளக்கும். டிவி பிராக்கெட்டோடு பெரும்பாலும் 5/16 அங்குல லாக் போல்ட், அதாவது மரத்துக்குள் திருகி ஏற்றும் தடித்த ஸ்க்ரூ, வரும். அதற்கு 7/32 அங்குல பிட், அதாவது ஐந்தரை மில்லிமீட்டர், சரியாக இருக்கும். ஆனாலும் உங்கள் பிராக்கெட்டின் தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ட்ரில் வெளியே வரும்போது பிட்டில் மரத்தூள் சுருளாக ஒட்டியிருக்க வேண்டும். வெள்ளை மாவு மட்டும் வந்தால் மரத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

மேலே ஒரு போல்டைத் தளர்வாக ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பிறகு மற்றவற்றை ஏற்றுங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் ஸ்பானர் போட்டு முடுக்குங்கள். வாஷர் பிராக்கெட்டோடு இறுகியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முடுக்கினால் ட்ரைவால் நொறுங்கும், மரத்தில் விழுந்த மரையும் அழிந்துபோகும். அப்படி அழிந்த துளையை மறுபடி நம்பாதீர்கள். இரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர்த்திப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: 75 அங்குல டிவி. சமையலறையிலிருந்தும் பார்க்க வேண்டும், அதனால் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் வாங்கலாம் என்றிருக்கிறேன். சரியா, அண்ணா?

வாங்கலாம், ஆனால் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிவி 35 கிலோ என்று வையுங்கள். கையை 50 சென்டிமீட்டர் வெளியே இழுக்கிறீர்கள். மேல் போல்டிலிருந்து பிராக்கெட்டின் கீழ் விளிம்பு வரை 25 சென்டிமீட்டர் என்றால், மேல் போல்ட்களை வெளியே பிடுங்கும் விசை சுமார் 70 கிலோ, டிவியின் எடையைப் போல இரண்டு மடங்கு. சுவரோடு ஒட்டி மாட்டினால் இதில் சிறு பங்குதான் வரும்.

அதனால் ஒரே ஸ்டட்டில் நிற்கும் பிராக்கெட்டை இந்த அளவு டிவிக்கு நான் மாட்டுவதில்லை. அகலமான தட்டு உள்ளதாக, இரண்டு ஸ்டட்டைப் பிடிப்பதாக வாங்குங்கள். ஸ்டட் 24 அங்குல இடைவெளியில் இருந்து தட்டு எட்டவில்லையென்றால், முக்கால் அங்குல பிளைவுட்டை இரண்டு ஸ்டட்டிலும் போல்ட் போட்டுப் பிடித்து, தட்டை அதன் மேல் மாட்டலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் டிவி அதை மறைத்துவிடுமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது காண்டோ, அடுக்குமாடி வீடு. காந்தம் மேலிருந்து கீழ் வரை எங்கே வைத்தாலும் ஒட்டுகிறது!

அப்படியென்றால் அது மரமில்லை, தகர ஸ்டட். லாக் போல்ட் அதில் நிற்கவே நிற்காது, மெல்லிய தகரத்தைக் கிழித்துக்கொண்டு சும்மா சுற்றும். தகரத்தில் துளையிட்டு, உள்ளே போய்க் குறுக்கே விரியும் டாகிள் போல்ட் போட வேண்டும். பிராக்கெட் செய்தவர் தகர ஸ்டட்டில் மாட்ட அனுமதிக்கிறாரா என்று தாளில் பாருங்கள். பெரிய டிவிக்கு நான் ட்ரைவாலைத் திறந்து, உள்ளே மரப்பலகை வைத்து மூடத்தான் சொல்வேன். செலவுதான், அக்கா, ஆனால் நிம்மதி. பக்கத்தில் கான்கிரீட் சுவர் இருந்தால் அதிலேயே மாட்டிவிடுங்கள்.

கேள்வி: டிவியின் பவர் ஒயரைச் சுவருக்குள் விட்டு மறைக்கலாமா?

கூடாது. டிவியோடு வரும் ஒயரையோ எக்ஸ்டென்ஷன் ஒயரையோ சுவருக்குள் ஓட்டுவதை மின் விதிகள் தடுக்கின்றன. சூடாகித் தீப்பிடித்தால் வெளியே தெரியவே தெரியாது. டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் வைக்க லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் போகலாம், சுவருக்குள் போடத் தகுதி பெற்றது என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். டவுன்ஹவுஸில் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் என்றால் துளையே வெட்டாதீர்கள், அது தீயைத் தடுக்கும் சுவர்.

கேள்வி: ஃபயர்பிளேஸுக்கு மேலே மாட்டினால் அழகாக இருக்குமே?

கழுத்து வலிக்கும். உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் தரையிலிருந்து சுமார் 42 அங்குலம், டிவியின் நடுப்பகுதி அதையொட்டி இருப்பது நல்லது. அங்கேதான் வேண்டுமென்றால், அந்த இடத்தில் தெர்மாமீட்டர் ஒட்டி, நெருப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். பல டிவிகள் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்.

கேள்வி: துளை போடும்போது ஸ்டட்டுக்குள் ஏதோ இரும்பு தட்டுகிறது. பெரிய பிட் போட்டு அழுத்தட்டுமா?

உடனே நிறுத்துங்கள், தம்பி! ஸ்டட் வழியாக மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகும் இடத்தில், ஆணி இறங்காதபடி ஒரு இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். அதைத்தான் தொட்டிருப்பீர்கள். வெறும் ட்ரைவால் ஸ்க்ரூவாகவும் இருக்கலாம், ஆனால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை இது. பிராக்கெட்டை சில அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தி, ஆணியால் தட்டிப் பார்ப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய துளையில் பட்டி வைத்துவிட்டால் போதும், டிவி மறைத்துவிடும்.