வளவில் அப்பிள் மரம்: எங்கே நடுவது?

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி: ஐயா, அப்பிள் நட வளவில் எந்த மூலை நல்லது?

தம்பி, மூலைக்கு முதல் குளிரைப் பாருங்கோ. பெரும்பாலான அப்பிள் வகைகளுக்கு வருடத்தில் 800 முதல் 1000 மணித்தியாலம் வரை 7 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் தேவை. அது கிடைத்தால்தான் மொட்டு உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். எங்கள் யாழ்ப்பாணத்தில் தை மாத இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

சுன்னாகத்திலிருந்து ஓர் அக்கா: மகள் 'அன்னா' என்ற அப்பிள் வகையின் ஒட்டுக்கன்று கொண்டு வந்துவிட்டாள். இனி என்ன செய்ய?

சரி, வந்த கன்றை வாட விடக்கூடாது. அன்னாவுக்கு 200, 300 மணித்தியாலக் குளிர் போதும். எங்களிடம் அதுவும் இல்லை. ஆனாலும் ஜாவாவின் மலைப்பக்கத்தில் அறுவடை முடிந்ததும் இலையைக் கையால் உருவிவிட்டு மரத்தைத் திரும்பப் பூக்க வைக்கிறார்கள். நீங்களும் செய்து பாருங்கோ, பழம் நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இடத்துக்கு முதலில் அலவாங்கை எடுங்கோ. நாலைந்து இடத்தில் குத்துங்கோ. ஓரிடத்தில் ஓர் அடியிலேயே 'டங்' என்று சுண்ணாம்புக்கல் சத்தம் கேட்கும், இன்னோரிடத்தில் செம்பாட்டு மண் மூன்றடிக்கும் இறங்கும். மரத்துக்கு அந்த ஆழமான இடம்தான். பிறகு ஒரு பிடி மண்ணில் வினாகிரி விடுங்கோ. நுரைத்தால் சுண்ணாம்பு கூட. அங்கே இரும்புச்சத்து வேருக்கு எட்டாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். என் எலுமிச்சையில் அந்த இலையைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

காலை வெயில் முழுதாக விழ வேண்டும். மூன்று மணி வெயிலுக்கு மேற்கே வீட்டுச் சுவரின் நிழல் வந்தால் நல்லது. அந்தச் சுவர் கச்சான் காற்றையும் மறிக்கும். பூவரசு வேலிக்குப் பக்கத்தில் வேண்டாம், அதன் வேர் தண்ணீரைப் பறித்துவிடும்.

அராலியிலிருந்து ஒருவர்: மாரியில் வளவில் தண்ணீர் நிற்கும். மேடு கட்டினால் போதுமா?

ஓர் அடிக் குழி வெட்டி நீர் நிரப்புங்கோ. வடிந்ததும் திரும்ப நிரப்புங்கோ. அடுத்த நாளும் நீர் நின்றால் அந்த இடத்தை விடுங்கோ, வேர் அழுகும். கிணறு சவர் என்றால் மேடு கட்டியும் பயனில்லை, அப்பிள் உப்பைத் தாங்காது.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி: இங்கே பின்வளவின் பள்ளமான மூலை காலியாக இருக்கிறது. நடலாமா?

வேண்டாம் பிள்ளை. குளிர்காற்று தண்ணீர் போலப் பள்ளத்தில் தேங்கி, வசந்தத்தில் பூவைக் கருக்கிவிடும். சரிவின் நடுப்பகுதி நல்லது. பக்கத்தில் ஒரே காலத்தில் பூக்கும் வேறொரு வகையும் வேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நாலு விரல் நிற்கட்டும்.

கோப்பாய்த் தம்பி மறுபடியும்: அப்படியென்றால் நான் எதை நட?

கறுத்தக்கொழும்பான் மாமரம். அடுத்த மரத்துக்கு 30 அடி விடுங்கோ.