வாசகர் கேள்வி – பதில்: பிள்ளையை இழந்தவர் கொலையாளியாகும்போது

கேள்வி: குற்றப் படங்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ தந்தையோதான் கொலையாளி என்று கடைசியில் தெரியவரும்போது, அவரை முழுமனதாக வெறுக்க முடிவதில்லை. அதே துயரத்தோடு பழிவாங்கப் புறப்படும் இன்னொருவர் வேறொரு படத்தில் நாயகனாகிவிடுகிறார். இந்த இருவரையும் பிரிப்பது எது? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிள்ளையின் சாவுக்கும் அதற்காகப் பலியாகிறவருக்கும் இடையே கதாசிரியர் எவ்வளவு தூரம் வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மகளைக் கொன்றவனையே தந்தை தேடிப்பிடித்துக் கொன்றால் திரையரங்கில் விசில் பறக்கும். நம் படங்களில் பெரும்பாலானவை அந்த எல்லையோடு நின்றுகொள்கின்றன. கொன்றவனுக்காக வாதாடிய வக்கீல், அவனுக்கு அடைக்கலம் தந்த அண்ணன், அன்றைக்குத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த கடைக்காரர் என்று அந்தத் தந்தையின் கை நீளத் தொடங்கினால் விசில் சத்தம் படிப்படியாக அடங்கும். சம்பந்தமே இல்லாத வேறொருவர் வீட்டுப் பிள்ளைமீது அந்தக் கை விழுந்தால், இவ்வளவு நேரம் இவருக்காகவா கண்கலங்கினோம் என்று நமக்கே கூச்சமாகிவிடும். அந்தக் கூச்சத்தை உண்டாக்கத் தெரிந்தவர்தான் இத்தகைய வில்லனை எழுதத் தகுதியானவர்.

2013-இல் தெனி வில்நெவ் இயக்கிய 'ப்ரிஸனர்ஸ்' படம் இதற்கு நல்ல உதாரணம். முடிவைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேச இயலாது என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியை விட்டுவிடலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நன்றி நவிலும் நாளன்று, இரண்டு சிறுமிகள் காணாமல் போகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் தந்தையான தச்சர் கெல்லர் டோவர், காவல்துறை சாட்சியம் இல்லையென்று விட்டுவிட்ட ஓர் இளைஞனைக் கடத்திச் சென்று, பாழடைந்த கட்டடத்தில் அடைத்து, முகம் அடையாளம் தெரியாமல் வீங்கும்வரை அடிக்கிறார். சிறுமிகளைக் கடத்தியவரோ, அந்த இளைஞனை வளர்க்கும் ஹாலி ஜோன்ஸ் என்ற முதியவள். அவளும் அவள் கணவனும் ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று கடவுளின் பெருமையைப் பரப்பியவர்கள். மகன் புற்றுநோயில் இறந்ததும் அந்தக் கடவுளோடு போர் தொடுத்தார்கள். பிறர் பிள்ளைகளை மறைத்துவிட்டால் பெற்றவர்கள் நம்பிக்கை இழந்து கெல்லரைப் போன்ற பேய்களாக மாறிவிடுவார்கள் என்பதுதான் அவர்களுடைய போர்முறை. கெல்லருக்கு முன்னால் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, மயக்கமருந்து கலந்த பானத்தைக் குடிக்கச் சொல்லி, அண்டை வீட்டுப் பாட்டி பேசுவதைப் போன்ற தொனியில் அவள் இதைச் சொல்கிறாள். இத்தனை ஆண்டுக் காலக் கொடுமையின் காரணத்தைச் சில வரி வசனத்தில் அடக்கியது திரைக்கதையின் குறை என்றுதான் நான் சொல்வேன்; அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனவருக்கு வில்லியின் நோக்கம் கடைசிவரை புரியாது. ஆனால் அந்த வசனம் யார் காதில் விழுகிறது என்பதில்தான் படத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஓர் அப்பாவியைச் சித்திரவதை செய்துவிட்டு வந்து நிற்கிற தந்தையிடம், நீயும் என் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறாய் என்கிறாள் அவள். வீட்டு முற்றத்தில் பழைய காருக்கு அடியில் மறைந்திருக்கும் குழிக்குள் தள்ளப்பட்ட பிறகு, மகளுடைய சிவப்பு விசில் அவர் கண்ணில் படுகிறது. கடைசிக் காட்சியில் துப்பறியும் அதிகாரிக்கு மெல்லக் கேட்பது அந்த விசிலின் ஒலியே.

நமக்குப் பழக்கமான 'பாபநாசம்' (2015) படத்தில் ஆஷா சரத் ஏற்ற காவல்துறை உயரதிகாரி யாரையும் கொல்வதில்லை. எனினும் மகனைத் தேடும் தாயின் பரிதவிப்போடு வந்தவர், ஒரு சின்னப் பெண்ணை அடிக்க அனுமதிக்கும் கணத்தில் நம் அனுதாபத்தை இழந்துவிடுகிறார். அங்கேயும் அதே கணக்குத்தான்.

கேள்வி: கொலையாளியான தாயைக் கடைசி அரைமணி நேரத்தில் மட்டும் கொண்டுவந்து காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா? — ஒரு வாசகர், சேலம்

பதில்: ஏமாற்றுதான், ஆனால் வெற்றி பெற்ற ஏமாற்று. 1980 மே மாதம் வெளியான 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' படத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். ஏரிக்கரை முகாமில் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கொல்பவரின் முகம் காட்டப்படுவதில்லை. இறுதிப் பகுதியில் ஜீப்பில் வந்து இறங்குகிற திருமதி வூர்ஹீஸ், நீலநிறக் கம்பளிச்சட்டை அணிந்து, பயந்து ஓடிவரும் பெண்ணை அணைத்து ஆறுதல் சொல்கிறாள். பிறகு, 1957-இல் அந்த ஏரியில் மூழ்கிய தன் மகனைப் பற்றியும், அவனைக் கவனிக்காமல் காதலில் மூழ்கிக்கிடந்த முகாம் பணியாளர்களைப் பற்றியும் பேசத் தொடங்குகிறாள். இப்போது வந்திருக்கும் இளைஞர்களுக்கும் அந்தப் பையனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முகாமைத் திறக்க வந்தார்கள் என்பது மட்டுமே அவர்கள் குற்றம். மகனின் குரலில் 'அவளைக் கொல்லு அம்மா' என்று தனக்குத்தானே ஆணையிட்டுக்கொள்ளும் இடத்தில், அவளாக நடித்த பெட்ஸி பால்மரின் முகம் சட்டென்று மாறுவதைத்தான் அந்தப் படத்தில் நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

துப்பறியும் கதையின் இலக்கணப்படி, குற்றவாளி முன்பே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இந்தப் படம் அதை மதிக்கவில்லை. ஆயினும் இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி அந்த ஆணையின் 'கில்', 'மம்மி' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களிலிருந்து 'கி', 'ம' என்ற அசைகளை மட்டும் வெட்டியெடுத்து, கொலையாளி அருகில் இருக்கும்போதெல்லாம் மூச்சுக்காற்றைப் போல ஒலிக்கவிட்டார். ஆக, தாய் வருவதற்கு வெகுமுன்பே அவளுடைய மகன் நம் காதுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பின்னால் வந்த பாகங்கள் அந்த மகனையே கொலையாளியாக்கி, 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஹாக்கி முகமூடியையும் மாட்டிவிட்டதால், முதற்பட வில்லி தாய் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

கேள்வி: இவையெல்லாம் கற்பனை. பிள்ளையை இழந்தவர் உண்மையில் இப்படிக் கொலைவரை போவாரா? — ஒரு வாசகர், கோவை

பதில்: போனதுண்டு. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு அருகே வானில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டதில் 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரஷ்யச் சிறுவர் சிறுமியர். விட்டாலி கலோயெவ் என்ற கட்டடக் கலைஞர் மனைவியையும், மகனையும், நான்கு வயது மகளையும் அதில் இழந்தார். மோதல் நடந்த வான்பகுதிக்குப் பொறுப்பான சுவிஸ் நிறுவனத்தில் அந்த இரவு ஒரே ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்தான் பணியில் இருந்தார்; உடன் இருக்க வேண்டியவர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார், பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. குற்றம் பல கைகளில் சிதறிக்கிடந்தது என்றாலும், 2004 பிப்ரவரியில் கலோயெவ் சூரிக் அருகே இருந்த அந்த ஒரு மனிதரின் வீட்டுக்குச் சென்று அவரைக் குத்திக் கொன்றார். பிள்ளைகளின் படத்தைக் காட்டியபோது அவர் தன் கையைத் தட்டிவிட்டார் என்பது கலோயெவ் பிறகு சொன்ன விளக்கம்.

2005-இல் சுவிஸ் நீதிமன்றம் அவருக்கு எட்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2007-இல் விடுதலையாகி, ரஷ்யாவில் உள்ள தன் சொந்தப் பகுதியான வடக்கு ஒசேத்தியாவுக்குத் திரும்பியவரை ஊர் வீரனைப் போல வரவேற்று, துணை அமைச்சராகவும் ஆக்கியது. அதே 2007-இல், நிர்வாகத்தின் கவனக்குறைவுக்காக அந்நிறுவனத்தின் அலுவலர்கள் நால்வரும் சுவிஸ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். குத்துப்பட்டு இறந்த கட்டுப்பாட்டாளருக்கு மூன்று பிள்ளைகள். தந்தை விழுந்தபோது அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். இந்தக் கதையில் வில்லன் யார் என்பதை ஒசேத்தியாவில் கேட்டால் ஒரு பதிலும், அந்த வீட்டில் கேட்டால் வேறொரு பதிலும் கிடைக்கும்.