ட்ரெய்லர் பழகும் பெண்கள் கேட்டவை: லைசென்ஸ் முதல் சங்கிலி வரை

எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் ட்ரெய்லர் லாரி ஓட்டப் பழகும் பெண்களிடமிருந்து வந்த கேள்விகளில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்கூட்டர் லைசென்ஸ்தான் இருக்கிறது. நேரடியாக ஹெவி எடுக்க முடியுமா? எட்டாவதுகூட முடிக்கவில்லை. (எர்ணாவூர்)

நேரடியாக முடியாது. முதலில் கார் லைசென்ஸ். அதை வாங்கி ஒரு வருடம் முடிந்தபிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். வயது 20 ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு நிபந்தனையை 2019லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் படிப்பு தடையில்லை. டாக்டரிடம் படிவம் 1ஏ (உடல்தகுதிச் சான்று), டிரைவிங் ஸ்கூலிடம் படிவம் 5 (பயிற்சிச் சான்று) வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். லைசென்ஸ் கிடைத்தால் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். செலவெல்லாம் பயிற்சியில். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "ட்ரெய்லர் வண்டி இருக்கா, இல்ல ஆறு சக்கர லாரி மட்டும்தானா?" சாதாரண ஸ்கூலில் விதிப்படி குறைந்தது 30 நாள், 15 மணி நேரம் ஓட்டம். அதில் லாரியை நகர்த்தப் பழகலாம், ட்ரெய்லர் கைக்கு வராது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் ஹெவிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம். அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. ஓட்டல் டெஸ்ட் தனியாக இல்லை. வசதிப்பட்டால் அதற்கே போங்கள்.

கேள்வி: உயரம் 5 அடிதான். கிளட்ச் எட்டுமா? பலம் வேண்டாமா? (தண்டையார்பேட்டை)

கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டச் சேர்ந்தது 1993இல். அன்றைய பஸ் ஸ்டீயரிங்கோடு ஒப்பிட்டால் இன்றைய பவர் ஸ்டீயரிங் விளையாட்டு சாமான்.

எட்டுகிறதா என்று உட்கார்ந்த உடனே முடிவு செய்யாதீர்கள். காற்றில் ஏறி இறங்கும் சீட் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, காற்று ஏறியபிறகு சரிசெய்யுங்கள். முதலில் உயரம், பிறகு முன்னே பின்னே. முதுகு சாய்மானத்தில் பட்டபடியே கிளட்சைத் தரைவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். கால் நுனியால் எட்டி மிதிக்கிற நிலை என்றால், வரிசையில் நின்று நின்று நகரும்போது அரை கிளட்சிலேயே ஓட்டுவீர்கள். பிளேட் தேய்ந்து கருகும்.

பலம் கேட்கிற ஒரே இடம் சரக்கைக் கட்டும் சங்கிலி. அங்கும் அதை இறுக்க, நீண்ட பிடி வைத்த லீவர் டைட்டனரை விட்டு, சிறிது சிறிதாகத் திருகி இறுக்கும் ராட்செட் டைட்டனர் கேளுங்கள். லீவர் கையைவிட்டு எகிறினால் தாடையைப் பெயர்க்கும். ஆண்களுக்கும் அதே கதிதான்.

கேள்வி: முன்னே நன்றாக ஓட்டுகிறேன். ரிவர்ஸில் ட்ரெய்லர் வேறு பக்கம் ஓடுகிறது. (மணலி புதுநகர்)

ஸ்டீயரிங்கின் மேல்பக்கத்தைப் பிடித்திருப்பீர்கள். கையை அடியில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் வையுங்கள். ட்ரெய்லரின் வால் வலப்பக்கம் போக வேண்டுமானால் கையை வலப்பக்கம் நகர்த்துங்கள். தலைகீழ்க் கணக்கெல்லாம் மண்டையில் போட வேண்டாம்.

அடுத்த தவறு, வால் திரும்பியதைப் பார்த்தபிறகும் ஸ்டீயரிங்கை அப்படியே பிடித்திருப்பது. திரும்பத் தொடங்கியதுமே முன்வண்டி அதைப் பின்தொடரும்படி எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். தாமதித்தால் வண்டி மடங்கும். கேபினின் பின்பக்கம் ட்ரெய்லர் மூலையில் இடித்து, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸ் அறுந்துபோகும். மடங்குகிற மாதிரி தெரிந்தால் ரிவர்ஸிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். முன்னே இழுத்து நேராக்கி, மறுபடி வாருங்கள். யார்டில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

முதல் வாரம் முழுக்க நேர்கோட்டில் பின்னே வருவது மட்டும் செய்யுங்கள். பிறகு வலப்பக்கம், அதாவது டிரைவர் ஜன்னலில் வால் தெரிகிற பக்கம். இடப்பக்கம் கடைசியில். குட்டை ட்ரெய்லர்தான் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். 20 அடி ட்ரெய்லர் படக்கென்று திரும்பும், 40 அடி மெதுவாகத்தான் திரும்பும். பழகுவதற்கு நீளமே நல்லது.

முன்னே போகும்போதும் வாலை மறக்காதீர்கள். மணலி எம்.எஃப்.எல். (உரத் தொழிற்சாலை) சந்திப்பு மாதிரி இடங்களில் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கி வெட்டும். அந்த இடைவெளியில்தான் பைக் நுழையும்.

கேள்வி: இரும்பு காயிலுக்கு (சுருட்டிய இரும்புத் தகடு) எத்தனை சங்கிலி? கிளீனர் இரண்டு போதும் என்கிறார். (திருவொற்றியூர்)

கிளீனரிடம் கணக்குக் கேளுங்கள். சரக்கு கட்டுவதில் உலகளவில் புழங்கும் கணக்கு இது: பிரேக் போட்டால் எடையில் 80 சதவீத விசை முன்னே தள்ளும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம். 20 டன் காயில் என்றால் முன்னே 16 டன்.

இரும்புத் தளத்தில் இரும்பை வைத்தால் உராய்வு 4 டன்னைத் தாங்கினால் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் இல்லை. மீதி 12 டன். 10 மி.மீ. கிரேடு 80 சங்கிலி ஒன்று நேராக இழுத்தால் 6.3 டன் தாங்கும். சாய்த்துக் கட்டினால் குறையும். ஆக, பின்னோக்கி இழுக்கும் இரண்டு சங்கிலி நேராக இழுத்தால் 12.6 டன், காகிதத்தில் மட்டும் மயிரிழையில் போதும்; சாய்த்துக் கட்டினால் அதுவும் போதாது. அதே இடத்தில் சுத்தமான ரப்பர் மேட் விரித்தால் உராய்வே ஏறக்குறைய 12 டன்னைப் பிடித்துக்கொள்ளும், சங்கிலிக்கு மிச்சம் 4 டன்தான். அதனால் தளத்தைக் கூட்டுவது, மேட் விரிப்பது, இருபுறமும் ஆப்பு அடிப்பது, இவை முதலில். பிறகு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று குறைந்தது நான்கு சங்கிலி.

10, 15 கிலோமீட்டரில் ஓரம் கட்டி மறுபடி இறுக்குங்கள். காயில் அமர்ந்ததும் சங்கிலி தொய்யும். பெல்ட் போட்டால் விளிம்பில் மூலைக்காப்பு வேண்டும். பெல்ட்டில் முடிச்சுப் போட்டால் பாதி பலம் போய்விடும். கம்பி லோடு தளத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்ற சலுகை 2014லேயே போய்விட்டது.

காலி கண்டெய்னருக்கு ட்விஸ்ட் லாக் (பெட்டியின் மூலைகளை ட்ரெய்லரோடு பூட்டுவது) வேண்டாம் என்பவரை நம்பாதீர்கள். 20 அடிப் பெட்டி காலியாகவே 2.2 டன் இருக்கும், ஆனால் பக்கம் முழுக்கப் பாய் மாதிரி காற்றை வாங்கும். எண்ணூர் கடற்கரைச் சாலையில் ஓட்டினால் புரியும். நான்கையும் பூட்டுங்கள்.

கேள்வி: ட்ரெய்லர் மாட்டியபின் சரியாக மாட்டியதா என்று எப்படித் தெரியும்? (மீஞ்சூர்)

சத்தத்தை நம்பாதீர்கள். ட்ரெய்லர் பிரேக் பிடித்த நிலையில், முதல் கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். பிறகு இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள்: ஃபிஃப்த் வீலின் (முன்வண்டியில் ட்ரெய்லர் உட்காரும் தட்டு) தாடை, கிங் பின்னைச் (ட்ரெய்லரின் அடியில் இருக்கும் கம்பி) சுற்றி மூடியிருக்க வேண்டும், தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. ட்ரெய்லர் அதிக உயரத்தில் நின்றால் கிங் பின், தாடைக்கு மேலே ஏறிவிடும், முதல் வளைவிலேயே கழன்று விழும். ஹோஸ், விளக்கு வயர் மாட்டி, ட்ரெய்லரின் தாங்கு கால்களைத் தூக்கியபிறகே புறப்பாடு. பிரேக்கின் காற்று மீட்டர் ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

கேள்வி: துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும்போது கழிப்பறைக்கு என்ன செய்வது? (காசிமேடு)

தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பது மட்டும் வேண்டாம். சிறுநீர்த் தொற்றில் முடியும். வரிசை தொடங்குவதற்கு முன் இருக்கும் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் போய்வாருங்கள். எந்தப் பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்காது என்று முதல் வாரமே பார்த்து வையுங்கள். வேலையில் சேரும்போதே கம்பெனியிடம், யார்டில் பெண்கள் கழிப்பறை, இரவில் கேட் வரை துணைக்கு ஆள், இரண்டையும் கேளுங்கள். வெயிலுக்கு ஒரு ஆறுதல்: இப்போது புதிதாகத் தயாராகும் ஹெவி லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம்.

கேள்வி: ஹெவி வந்ததும் மணலியில் டேங்கர் ஓட்டலாமா? (மாதவரம்)

அபாயகரப் பொருள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் அதைத் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு 3 வருடம்தான் செல்லுபடி.