காடாய்ப்போன செவ்வரத்தை: கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவில்): அக்கா, அம்மா வைத்த செவ்வரத்தை (செம்பருத்தி) மதிலைத் தாண்டிவிட்டது. கீழே வெறும் தடி, உச்சியில் மட்டும் பூ. அடியோடு வெட்டலாமா?

பதில்: அடியோடு வேண்டாம் தங்கச்சி. செவ்வரத்தை புதுத் தளிரில்தான் பூக்கும், வெட்டத்தான் வேண்டும். ஆனால் இலை முழுவதையும் ஒரே நாளில் எடுத்தால் பழைய மரம் மீளாமலே போகலாம். முதலில் காய்ந்த கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு. பிறகு தடித்த கொப்புகளில் மூன்றில் ஒன்றை மட்டும் முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். அதில் துளிர் வந்து ஒரு சாண் வளர்ந்தபின் அடுத்த பங்கு.

வெட்டுமிடத்தைக் கிட்டப் பாருங்கள். இலை விழுந்த தழும்புக்கு மேலே சின்னப் புடைப்பு இருக்கும். வெளிப்பக்கம் பார்க்கிற புடைப்புக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். உட்பக்கம் பார்க்கிறதென்றால் தளிர் நடுவுக்குள் போய் மறுபடியும் காடுதான். பெருவிரல் மொத்தத்தைத் தாண்டினால் வாள் எடுங்கள். கத்தியால் கொத்தினால் தோல் நார்நாராய்க் கிழிந்து அழுகும்.

கேள்வி (நல்லூர்): எந்த மாதம் நல்லது?

பதில்: மாரி ஓய்ந்தபின், தை நடுவிலிருந்து மாசிக்குள். திரும்பப் பூக்கப் பத்துப் பன்னிரண்டு கிழமை பிடிக்கும். ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்த் திருவிழாவுக்குப் பூ வேண்டுமானால் சித்திரைக்குப் பிறகு பெரிதாக வெட்ட வேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி): பிழை தங்கச்சி. எங்கள் அப்பு மழைக்கு முன்தான் வேலி வெட்டுவார். எல்லாம் நன்றாகத் தளிர்த்தது.

பதில்: ஐயா, அப்பு வெட்டியது கிளுவையும் பூவரசும் முள்முருக்கையும். கதியாலாய், அதாவது வேலித் தடியாய், நட்டாலே பிழைக்கிற மரங்கள். குழையைத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கவும் (புதைக்கவும்) வேண்டியிருந்தது. செவ்வரத்தை அப்படியல்ல. என் வளவில் ஒன்றை ஐப்பசியில் இறக்கினேன். கார்த்திகை முழுக்க வெட்டுவாய் காயவே இல்லை. மார்கழியில் வெட்டிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. நகத்தால் சுரண்டினால் தோல் ஈரத்தோடு கழன்று வந்தது.

கேள்வி (அதே ஐயா): செவ்வரத்தைத் தடியும் நட்டால் முளைக்குமே?

பதில்: முளைக்கும், அது உண்மை. அதனால்தான் வெட்டியதில் பென்சில் மொத்தத் தடி நாலைந்தை நிழலில் நட்டு வைக்கச் சொல்வேன். ஆனால் அம்மா வைத்த மரம் ஒன்றுதான். அதை மழையில் விட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை.

கேள்வி (மானிப்பாய்): வெட்சி இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. வெட்டினால் சரிவருமா?

பதில்: வராது. நம் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது, கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. வெட்சியால் இரும்புச்சத்தை எடுக்க முடிவதில்லை. மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு, மழைநீர் சேர்த்து ஊற்றுங்கள்.

கேள்வி (உரும்பிராய்): அலரிக்கும் இதே முறைதானா?

பதில்: ஏறக்குறைய. ஆனால் அலரி முழுவதும் நஞ்சு. வெட்டிய குழையை ஆடு எட்டுகிற இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம், புகையும் கூடாது. கையைக் கழுவுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): செவ்வரத்தையை எப்போது வெட்டலாம்?

பதில்: மேலே இருக்கிறது. தை.

கேள்வி (இணுவில்): போகன்விலா?

பதில்: ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும்.

கேள்வி (கோண்டாவில்): அக்கா, அண்ணா நேற்றே கத்தியால் கொத்திவிட்டார். தோல் கிழிந்து தொங்குகிறது.

பதில்: கிழிசலுக்குக் கீழே நல்ல புடைப்பொன்றைப் பார்த்து, அதற்கு மேலே வாளால் மறுபடி வெட்டுங்கள். சாணி பூச வேண்டாம், காற்றில் காயட்டும். மற்றக் கொப்புகளில் இப்போது கைவைக்க வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள்.