நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்கள்கூட ஏன் சொந்த வீடு வாங்காமல் வாடகைக்கே இருக்கிறார்கள்?

எனக்கு 33 வயது, பாளையங்கோட்டையில் ஒத்தி வீட்டில் இருக்கிறேன். அதனால் என் கணக்கையே சொல்கிறேன்.

50 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த விலைக்கு 80 சதவீதத்துக்கு மேல் கடன் கிடையாது. ஆக, 10 லட்சம் கையில் வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று முழு விலைக்குப் பதிந்தால் இன்னும் நாலரை லட்சம். மீதி 40 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் 20 வருஷம் மாதத்தவணை 34,700 போல வரும். கட்டி முடிக்கும்போது வட்டியே அசலைத் தாண்டியிருக்கும்.

அப்பா அரசு வேலை. இருபது வருஷம் கழித்தும் ஒண்ணாந்தேதி சம்பளம் வரும் என்ற தைரியத்தில் கடன் வாங்கினார். என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அடுத்த வருஷம் கோயம்புத்தூரோ ஓசூரோ!

ஒத்தி தெரியாதவர்களுக்கு: மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்பி வரும். நான் கொடுத்திருப்பது 6 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டியா வைத்திருப்பார்? அடுத்த ஒத்திக்காரர் கொடுத்தால்தான் நமக்கு வரும். முந்தின வீட்டில் நாலு மாசம் நடையாய் நடந்தேன். பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதியதால் மிரட்டக்கூட முடியவில்லை. இந்தத் தடவை பதிந்துவிட்டேன்.

அப்புறம், ஏதோ நாங்கள்தான் புதுசாக வாடகைக்கு வந்ததுபோல் பெரியவர்கள் பேசுகிறார்கள். எங்கள் ஆச்சி திருநெல்வேலி டவுனில் ஒரு வளவில் நாற்பது வருஷம் வாடகைக்கு இருந்தவள். ஒரே முற்றம், ஒரே கிணறு, ஏழு குடும்பம். அங்கேயே மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தாள். அவளிடம் யாரும் “எப்ப வீடு வாங்கப் போற?” என்று கேட்டதில்லை. என்னிடம் கேட்காத கல்யாண வீடே இல்லை.

ஆசை இல்லாமல் இல்லை. கே.டி.சி. நகர் பக்கம் போனால் புது வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் தையோடு இந்த ஒத்தி முடிகிறது. இப்போதைக்குப் பெருமாள்புரம் பக்கம் மாடிப் போர்ஷன் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.