ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் எழ முடியவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு 43 வயது. கிண்டியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எட்டு மாதங்களாகக் காலையில் கண் விழிக்கும்போதே உடல் அடித்துப்போட்டாற்போல் இருக்கிறது. ரயில் நிலையப் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியுள்ளது. சர்க்கரைக்காக ஐந்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். சைவ உணவுதான். மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 12.2 என்று வந்ததால், “ரத்தம் சரியாக இருக்கிறது, வேலைப்பளுதான் காரணம்” என்று சொல்லிச் சத்து டானிக் எழுதிக்கொடுத்தார்கள். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். வீட்டில் சோம்பல் என்கிறார்கள். இது நோயாக இருக்குமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: எட்டு மாதங்கள் நீடித்து, உறங்கி எழுந்தும் தீராத களைப்பைச் சோம்பல் என்று சொல்வது உங்களுக்கு இழைக்கப்படும் அநீதி. வீட்டாரிடம் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள்.

கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அந்தக் கோட்டை நீங்கள் மயிரிழையில்தான் தாண்டியிருக்கிறீர்கள். உடல் முதலில் இழப்பது சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தை. அது ஏறத்தாழ வற்றிய பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஆகவே சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பரிசோதனையைச் செய்யாமல் ‘ரத்தம் சரி’ என்று முடிவு கட்டியது அவசரம் என்றே நான் கருதுகிறேன். காய்ச்சலோ தொற்றோ உள்ள நாளில் ஃபெர்ரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால், உடல் தெளிவாக இருக்கும்போது அதைச் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு முக்கியமான செய்தி இருக்கிறது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். பி12 பெரும்பாலும் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உள்ளது என்பதால், சைவ உணவு உண்பவர்களுக்கு அந்த வாய்ப்பு மேலும் அதிகம். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுக்கும், பி12 குறைந்தால் பருக்கும். இரண்டும் ஒருசேரக் குறைந்தவரின் பரிசோதனைத் தாளில் சராசரி அளவு இயல்பானதாகவே பதிவாகி, மருத்துவரையும் ஏமாற்றிவிடலாம். டானிக்கில் ஃபோலிக் அமிலம் இருந்தால், அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மட்டும் சரிசெய்து, நரம்புகளுக்கு நேரும் சேதத்தை மறைத்துவிடும். பாதங்களில் மரமரப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். அதைச் சர்க்கரையின் விளைவு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

தைராய்டு சுரப்புக் குறைவும் களைப்பையும் முடி உதிர்வையும் அதிக உதிரப்போக்கையும் சேர்த்தே தரக்கூடியது. ஆனால் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனையின் முடிவைப் பிறழச் செய்யும் என்பதால், இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். பரிசோதனைக் கூடத்திலும் அதைச் சொல்லுங்கள்.

இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால், மாத்திரையோடு நிற்காமல், அது எங்கே போகிறது என்று தேட வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். இரும்பு மாத்திரையையும் காபி, டீயையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளும் தேவை. பலமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். மனச்சோர்வும் உடலை இப்படி முடக்கும், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். இவை எதுவும் இல்லாமல், ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, சிறு உழைப்புக்குப் பிறகு நாட்கணக்கில் உடல் மோசமாகும் நிலையில்தான் நாட்பட்ட களைப்பு நோய் என்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ள பெண்களுக்கு இதய நோய் நெஞ்சுவலி இல்லாமல், மூச்சுவாங்கலும் அசதியுமாக மட்டுமே வெளிப்படுவது உண்டு. மற்றப் பரிசோதனைகளின் முடிவு வரும்வரை தள்ளிப்போடாமல், இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், ஓய்வாக இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, வியர்த்து மயக்கம் வந்தாலோ, அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்.