மாநில உரிமைக்காக நடந்த போரா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காகத்தான், அடிமை முறைக்காக இல்லை என்று உங்கள் நண்பர் அடித்துச் சொல்கிறார், சரியா? வாதாடவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்கள் எழுதிவைத்ததையே எடுத்து நீட்டுங்கள். 1861-இல் மிசிசிப்பி வெளியிட்ட பிரகடனம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தென் கரோலினா இன்னும் வேடிக்கை: தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தராமல் தங்கள் சட்டங்களால் தடுக்கின்றன என்று 1860 டிசம்பரில் புலம்புகிறது. அப்போது எங்கே போனது வட மாநிலங்களின் மாநில உரிமை?

வட, தென் மாநிலங்களுக்கிடையே இறக்குமதி வரிச் சண்டையும் இருந்தது. ஆனால் 1857 சட்டம் அந்த வரியைக் குறைத்துத்தான் இருந்தது, அதனால் அதைப் பெரிய காரணமாகச் சொல்ல முடியாது.

அப்புறம், போரின் விளைவு என்ன? அடிமைகளாக இருந்த சுமார் 40 லட்சம் பேர் விடுதலையானார்கள். ஆனால் அடிமை முறையை ஒழிக்க 1865-இல் வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்தில் 'குற்றத்துக்குத் தண்டனையாகத் தவிர' என்றொரு ஓட்டை உண்டு. அதை வைத்துக் கறுப்பினக் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். அதையும் கட்டாயம் படியுங்கள்.